ஒரு கரண்டி கட்டஞ்சாயா

வீடுவீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் ஷெர்லிக்குப் பதினாறு வருட அனுபவம். ஏஜென்சி பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டபோது, இனிப் படிக்க என்ன இருக்கிறது என்று சலித்துக்கொண்டேதான் நாகர்கோவிலுக்குப் போனாள். அங்கே, பக்கவாதம் வந்தவர்களை மறுபடி விழுங்கப் பழக்கும் முறையைச் செய்துகாட்டினார்கள். மூன்று மாதமாக மூக்குக் குழாயில் கஞ்சி குடிக்கும் கடியப்பட்டணம் ஏசுஅடிமைதான் அவள் மனசில் வந்தார்.

டாக்டர் அவரைப் பரிசோதித்துச் சம்மதித்ததும், ஷெர்லி பால் சேர்க்காத டீயான கட்டஞ்சாயாவை, புரையேறாமல் இருக்கக் கூழாகக் கெட்டியாக்கி, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு கரண்டி ஊட்டினாள்.

"தாடையை நெஞ்சோட சேத்து வச்சு முழுங்குங்க மாமா."

தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. இருமல் வரவில்லை. மனைவி இசபெல் மூச்சுவிடாமல் பார்த்து நின்றாள்.

"சீனி காணாது," என்றார் அவர் குழறலாக.

இசபெல் சிரித்துக்கொண்டே அடுக்களைக்கு ஓடினாள். ஷெர்லிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுச் சீனிக்காகக் காத்திருந்தாள்.