வெள்ளிக்கிழமைத் தோடு

ஆவணியில் சிவகாசிப் பக்கம் ரூம் கேட்பவனைப் பார்த்து லாட்ஜ்காரர்கள் சிரிக்கக்கூடச் சோம்பல்படுவார்கள். ஊர் ஊராகப் பட்டாசு வியாபாரிகள் வந்து அடைத்துக்கொள்ளும் சீசன். அதனால்தான் செழியன் கோயம்புத்தூரிலிருந்தே போனில் துழாவி, விருதுநகரில் 'பாரம்பரிய இல்லம், காலை உணவுடன்' என்று போட்டிருந்த வீட்டைப் பிடித்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை, திருத்தங்கல் மண்டபத்தில் தங்கை மகள் ரோஷினிக்குக் காதுகுத்து. மடியில் உட்காரவைத்துத் தோடு போட வேண்டிய தாய்மாமன் அவன்.

வீட்டுக்காரர் ராஜபாண்டியனுக்குப் பட்டாசுக் கம்பெனி ஒன்று இருந்தது. ஆனால் பேச்செல்லாம் பூட்டன் கட்டிய வீட்டைப் பற்றித்தான். கட்டில் பர்மா தேக்கு, ஆகவே படுக்கக் கூடாது. விருந்தாளிக்குத் தரையில் மெத்தை. ஊஞ்சல் பூட்டன் ஆடியது, ஆகவே பார்த்துக்கொள்ளலாம். பூட்டன் காலத்தில் வெந்நீர்க் குழாய் இல்லை, ஆகவே இப்போதும் இல்லை.

கொண்டுவந்த தங்கத் தோட்டைப் பையிலா வைத்திருக்கிறீர்கள் என்று பதறி, பூட்டனின் இரும்புப் பெட்டியில் அவரே வாங்கி வைத்துப் பூட்டினார். இந்த வீட்டில் தொட்டுப் பயன்படுத்த ஒரு பொருளாவது கிடைத்ததே என்று செழியனும் மகிழ்ந்துபோனான்.

காலையில் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வந்து தோட்டைக் கேட்டான். ராஜபாண்டியனின் மனைவி பொன்னுத்தங்கம் விளக்கேற்றிவிட்டு, இடுப்பில் சாவிக்கொத்தோடு நின்றாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கெளமைல்லா தம்பி. வெளக்கேத்தின பொறவு வீட்டுத் தங்கம் வாசல் தாண்டாது. நாளைக்கு விடிஞ்சதும் வாங்கிக்கோங்க."

"இது என் தங்கம்க்கா."

"பெட்டிக்குள்ள போயிட்டா, உங்களுது எங்களுதுன்னு மகாலட்சுமி பிரிச்சா பாப்பா?"

செழியன் வீட்டுக்காரரிடம் திரும்பினான். வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து லோடு போவதில்லையா என்று கேட்டான்.

"அது கம்பெனி தம்பி. இது பாரம்பரியம்."

வாதாடினான், கும்பிட்டான், போலீஸ் என்று ஒரு சொல்லையும் சொல்லிப் பார்த்தான். அதற்குப் பதிலாக இன்னொரு இட்லி வந்தது. பத்தரைக்கு ராகு காலம். தங்கை சுகிர்தாவை அழைத்தால், அவள் மாமியார் வேலுத்தாய் மண்டபத்துக்கு முதல் ஆளாக வந்துவிட்டாளாம். இந்தத் தாய்மாமன் வெறுங்கையை வீசிக்கொண்டு வருவான் என்று கல்யாணத்தன்றிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள் அவள். வேறு தோடு வாங்கிப்போட்டால், சொன்ன தோடு எங்கே என்பாள்.

செழியனுக்கு மண்டை சூடாகிவிட்டது. வாசல்தானே தாண்டக் கூடாது, வீட்டுக்குள்ளேயே பிள்ளைக்குப் போட்டால் என்ன என்று கேட்டான். அதற்குத் தடையில்லை என்றாள் பொன்னுத்தங்கம். பிள்ளையும் தாயும் ஆசாரியும் வருவார்கள், விளம்பரத்துக்கு நல்ல படம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார் ராஜபாண்டியன்.

இரண்டு வேன் வந்தது.

பாட்டி வேலுத்தாயோடு பெரியப்பன், சித்தப்பன், மண்டபத்துக்கு வந்த சனம் முழுவதும் இறங்கியது. பூட்டனின் ஊஞ்சலில் ஏழு பேர். பர்மா தேக்குக் கட்டிலில் ஒருவர் படுத்தே விட்டார். ராகு காலத்துக்கு முன்பே ரோஷினி தெரு அதிரக் கத்தி முடித்தாள். தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த வேலுத்தாய் குறை எதுவும் சிக்காமல், திருகு கொஞ்சம் இறுக்கம் என்றாள்.

கிளம்பும்போது பொன்னுத்தங்கம் வாசலை மறித்தாள். தங்கம் காதில் இருந்தாலும் தங்கம்தானாம்; பிள்ளை நாளைக்குத்தான் போகலாமாம்.

செழியன் வாயைத் திறக்குமுன் வேலுத்தாய் முந்திக்கொண்டாள்.

"அதுக்கென்ன தாயி. பேத்தி இங்கன இருந்தா நாங்களும் இங்கனதான். மத்தியானத்துக்கு என்ன கொளம்பு?"

மாட்டிய செருப்புகளை எல்லோரும் மறுபடி கழற்றினார்கள். அடுக்களையில் உலைக்கு எத்தனை படி அரிசி என்று ஒரு சித்தி விசாரிக்கத் தொடங்கியதும் ராஜபாண்டியன் தொண்டையைச் செருமினார்.

"எங்க பூட்டன் அன்னைக்கே சொல்லியிருக்காக. காதுல ஏறிட்டா அது தங்கம் இல்ல, பிள்ளை. பிள்ளைய அடைச்சு வைக்கது பாவம்."

இப்படி ஒரு பூட்டனைப் பொன்னுத்தங்கம் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அவள் கேட்பதற்குள் அவரே இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டார்.

வேனில் செழியன் மடியில் ரோஷினி விசும்பிக்கொண்டே தூங்கினாள். முன்சீட்டில் வேலுத்தாய் யாரிடமோ போனில் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

"மண்டபமா? மண்டபத்துல எவன் குத்துவான்? தாய்மாமன் அரமனையில்ல பிடிச்சிருந்தான்!"