உரசல் ஓட்டிக் காட்டியது

டாக்சிக்காரருக்கு ‘உரசல்’ என்று பெயர் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அந்த மாதத்தில் ஒரு பால் வண்டி, ஒரு தபால் பெட்டி, சும்மா நின்றுகொண்டிருந்த ஒரு வீடு, மூன்றையும் உரசியிருந்தார். மறுபடி ஓட்டிக் காட்டினால்தான் லைசென்ஸ் என்று சொல்லிவிட்டார்கள்.

“இன்னைக்கும் கோட்டை விட்டீங்கன்னா வண்டி என் தம்பிக்கு,” என்றாள் மனைவி. மச்சினன் விடியும்போதே தலைவாரி உட்கார்ந்திருந்தான்.

ஒல்லியான அதிகாரி முன்சீட்டில் ஏறினார். “சுத்தி நடக்கிறது எதுவும் விட்டுப்போகக் கூடாது. பாக்கிறத எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே ஓட்டணும்.”

உரசல் எதையும் விடவில்லை. “இடப்பக்கம் நாய். வலப்பக்கம் குடை, குடைக்குக் கீழ ஒரு அம்மா. பின்னாடி லாரி. டிரைவர் கொட்டாவி விடுறார், கடைவாய்ப் பல் ஒண்ணு இல்ல.”

சிக்னலில், ஜன்னல் வழியே பறந்த உரசலின் லைசென்ஸ் விண்ணப்பத்தைப் பிடிக்க அதிகாரி இறங்கி ஓடினார். உரசல் அப்போது வலது கண்ணாடியில் ஏழு சைக்கிள்களை எண்ணிக்கொண்டிருந்தார். காலி டாக்சி என்று நினைத்து, பெட்டியும் கையுமாக ஒருவர் அதே சீட்டில் ஏறிக்கொண்டார். பச்சை விழுந்தது.

“ஸ்டேஷனுக்கு விடுப்பா. ரயிலுக்கு நேரமாச்சு.”

உரசலுக்குக் குழம்பியது. ஓரக்கண்ணில் அதிகாரி இரண்டு மடங்கு பருத்திருந்தார். மீசை வேறு முளைத்திருந்தது. நம் ஓட்டம் மனுஷனை இவ்வளவு பாதித்துவிட்டதா? ரயில் என்பது அவசரப்படுத்திப் பார்க்கும் தந்திரமோ? திரும்பிப் பார்க்கலாமென்றால் சாலையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

வழி வளைந்து அதே சிக்னலுக்கே வந்தது.

“நடுரோட்டுல ஒல்லியா ஒருத்தர், கையில பேப்பர், நம்மளப் பாத்துக் குதிக்கிறார். ஆபத்து. ஒதுங்கிப் போறோம்.” இண்டிகேட்டர் போட்டு அழகாக ஒதுங்கினார். “எங்கேயோ பாத்த மூஞ்சி சார்.”

“எனக்குத் தெரியாதுப்பா.”

ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி, “பாஸா சார்?” என்றார்.

“பிரமாதம்ப்பா! மிச்சத்த நீயே வச்சுக்க.” ஒரு நோட்டைக் கையில் திணித்துவிட்டு ஆள் ஓடிப்போனார். மார்க் எங்கே போட்டிருக்கிறது என்று உரசல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கையில் மனைவியின் போன் வந்தது.

“பாஸ் மாதிரிதான் தெரியுது. கையெழுத்து இருக்கு. ஸ்டேஷன்லதான் நிக்கிறேன்.”

“கிழிஞ்சுது! அந்த அதிகாரி விண்ணப்பத்துல நம்பர் பாத்து வீட்டுக்குப் போன் பண்ணிட்டாரு. தம்பி அவரப் பைக்ல ஏத்திக்கிட்டு அங்க வரான். சாவிய வண்டியிலயே விட்டுட்டு இறங்கி நில்லுங்க.”

உரசல் இறங்கினார். ஸ்டேஷன் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏண்டி, அவரு இப்பதான ரயில் ஏறினாரு?”