கேட்டுக்கு அந்தப்புறம் ஐந்து கிலோமீட்டர்

ஜப்பானில் யாரோ பதினாலு வருஷம் ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்ட காரை, "இன்ஜின் கோயில் மணி மாதிரி இருக்கு" என்று சொல்லி வாங்கி வந்தவர் என் வீட்டுக்காரர் ஜைரோஸ். அந்த மணி ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, முள்ளுக்காட்டு நடுவில், கேட்டுக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கும்போது ஓய்ந்துபோனது. பின்சீட்டில் அவர் காலை நீட்டிப் படுத்திருந்தார். ஒரு மணி நேரம் முன்னால் விறகு பொறுக்கப் போனவரைக் கணுக்காலில் நாகம் கொத்தியிருந்தது. எங்கள் ஊர் கிளினிக்கில் காய்ச்சல் மாத்திரை உண்டு, பாம்புக்கடி மருந்து கிடையாது. இருந்த ஒரே ஆம்புலன்ஸும் பிரசவக் கேஸோடு விடியற்காலையிலேயே போய்விட்டது. மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி தார் ரோட்டில் தொண்ணூறு கிலோமீட்டர்.

நாங்கள் ஜிம்பாப்வேக்காரர்கள். அங்கே வாத்தியார் சம்பளம் ரொட்டிக்கே போதவில்லை என்று போட்ஸ்வானாவுக்கு வந்து, இந்த மணல்காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷமாக அவர் கணக்கும் நான் விஞ்ஞானமும் நடத்திக்கொண்டிருந்தோம். மகள் ரூவா எங்கள் நாட்டிலேயே, மஸ்விங்கோவில், என் அக்கா வீட்டில் படிக்கிறாள்.

கேட் என்றால் கோமாரி கேட். எங்கள் பக்கத்து மாடுகளுக்குக் கோமாரி நோய் உண்டு, அந்தப் பக்கத்து மாடுகளுக்கு இல்லை. நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் கம்பி வேலி. ஆள் தாண்டலாம், வண்டி தாண்டலாம், கழுதைகூடத் தாண்டலாம். பிளந்த குளம்பு உள்ள எதுவும் தாண்டக்கூடாது. தாண்டினால் திரும்பி வர முடியாது, அங்கேயே சுட்டுவிடுவார்கள்.

இறங்கி பானெட்டைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. ரேடியேட்டர் முழுக்கப் புல் விதை, விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. இந்தத் தடத்தின் நடுவில் புல் இடுப்பளவு வளரும், அதனால் இங்கே எல்லோரும் காரின் மூஞ்சியில் ஒரு வலையைக் கட்டி வைத்திருப்பார்கள். எங்கள் காரிலும் இருந்தது. போன வாரம் அதை அவிழ்த்தவள் நான். கோழிகள் கீரைப் பாத்தியைக் கொத்திப் பாழாக்கின, வலையை எடுத்துப் பாத்திமேல் போர்த்திவிட்டேன். பள்ளிக்கூடம் இருநூறு அடியில் இருக்கிறது, காரை எங்கே எடுக்கப் போகிறோம் என்று நினைப்பு. கீரைக்காகப் புருஷனைக் கொன்றவள் என்று ஊர் சொல்லப்போகிறது என்று நினைத்துக்கொண்டே தண்ணீரை ஊற்றினேன்.

"என்ன ஆச்சு ரூவா அம்மா?" என்றார் உள்ளேயிருந்து.

"உங்க ஜப்பான் மணி நின்னு போச்சு."

"தண்ணி ஊத்து."

"குடிக்க வெச்சிருந்ததையும் ஊத்தியாச்சு. சாவியத் திருகினா முனகக்கூட மாட்டேங்குது."

"நீ ரெண்டு வருஷமா அதத் திட்டிக்கிட்டே இருந்தே. கோவிச்சுக்கிச்சு."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கார்மேல் ஏறி நின்று பார்த்தேன், அப்போதும் இல்லை. அந்தத் தடத்தில் ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள்? கர்த்தரைக் கூப்பிட்டேன், என் அப்பாவைக் கூப்பிட்டேன். செத்துப்போன மாமியாரைக்கூடக் கூப்பிட்டேன், இருந்தபோது அவளை ஒரு நாளும் வாய் நிறையக் கூப்பிட்டதில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தவர் கவாரி. மாடே சொத்தாக வாழ்கிற ஹெரேரோ இனத்துக்காரர், ஐம்பது வயசிருக்கும், வெயிலோ மழையோ தொப்பியைக் கழற்றாத மனிதர். நான்கு எருதுகளைப் பூட்டி, சக்கரமில்லாத இழுவைப் பலகையில் இரண்டு பீப்பாய் தண்ணீர் ஏற்றிக்கொண்டு தன் மாட்டுப்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் சந்தோஷத்தோடு வெட்கமும் வந்தது. அவர் மகன் என் வகுப்பு. மாடு மேய்க்கப் போய் மாதத்தில் பாதி நாள் வரமாட்டான். போன வருஷம் பெற்றோர் கூட்டத்தில், அத்தனை பேர் நடுவில் இவரை நிற்கவைத்து, "உங்களுக்கு மாடு பெரிசா, பிள்ளை பெரிசா?" என்று கேட்டிருந்தேன். என் வாய் அப்படி.

"டீச்சர், வண்டி படுத்துக்கிச்சா?" என்றார்.

"ஆமாங்க. கேட் வரைக்கும்…"

"மாடு பெரிசா பிள்ளை பெரிசான்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா? நான் இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்." சொல்லிக்கொண்டே ஜன்னலில் குனிந்து பார்த்தார். கிண்டல் அத்தோடு நின்றது. "என்ன பாம்பு?"

"நாகம்," என்றார் ஜைரோஸ். அந்தச் சின்னச் சொல் அவர் நாக்கில் குழறியது.

கவாரி நேராக எருதுகளிடம் போனார். இழுவைப் பலகையைக் கழற்றித் தண்ணீரோடு வழியிலேயே விட்டார், சங்கிலியைக் காரின் அடியில் மாட்டினார். எருதுகளின் முதுகில் தட்டிப் பேர் சொன்னார். அவர்கள் மொழியில் மாட்டுக்குப் பேர் அதன் நிறம்தான். நம் பேச்சில் சொன்னால் முன்னால் காரியும் செவலையும், பின்னால் மயிலையும் மறையனும். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

மாட்டு நடை மாட்டு நடைதான். அதை அடிக்கவும் முடியாது, அதன் காலில் விழவும் முடியாது. கண்ணாடியில் ஜைரோஸ் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இமைகள் பாதி கண் வரை தொங்கிவிட்டன, தூக்கம் வந்தவர் முகம் போல. தூக்கம் இல்லை, விஷம் என்று எனக்குத் தெரியும். இதைத்தானே நான் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். முதலில் இமை, அப்புறம் நாக்கு, அப்புறம் மூச்சு.

"ரூவா அப்பா, ஒண்ணு சொல்லணும். காருல ஒரு தப்பும் இல்ல. அந்த வலைய நான்தான் எடுத்தேன். கீரைப் பாத்திக்கு."

கண்ணாடியைப் பார்க்கப் பயந்து தடத்தையே பார்த்தேன். செத்தேன் என்று நினைத்தேன்.

"தெரியும்," என்றார். "செவ்வாக்கெழமையே பாத்தேன்."

"பாத்துட்டுச் சும்மாவா இருந்தீங்க?"

"கீரை நல்லாயிருந்துச்சு."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இப்படி ஒரு மனிதனை ரெண்டு வருஷமாகக் காரை வைத்துக் கரித்துக் கொட்டியிருக்கிறேனே என்று ஸ்டியரிங்கில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

கேட்டை அடைந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. காவலுக்கு திரோ என்ற ஆள் ஒருத்தன் மட்டும்தான். அவனிடம் ரேடியோ இருந்தது. கேட்டதும் ஓடிப்போய் ஆஸ்பத்திரிக்குப் பேசினான். ஆம்புலன்ஸ் திரும்ப நாலு மணி நேரமாகும் என்றார்கள். கால்நடை ஆபீசுக்குப் பேசினான். அவர்கள் வண்டி சாயங்காலம்தான் வரும் என்றார்கள்.

"தார் ரோடு இங்கேருந்து அஞ்சு கிலோமீட்டர்தான் ம்மா," என்றான். "அங்க போயிட்டா ஏதாவது லாரி வரும். ஆனா நடுவுல பூரா மணல்."

"கழுதை இருக்கா?"

"என் கழுதைங்க ஆத்துப்பக்கம் மேயப் போயிடுச்சு. நாளைக்குத்தான் வரும்."

"நாம மூணு பேரும் தூக்கிக்கிட்டுப் போனா?"

"நான் கேட்டை விட்டு அசையக்கூடாது. மீதி நீங்க ரெண்டு பேர். அவரு என்ன எடை இருப்பாரு?"

நூறு கிலோ இருப்பார். ஆறு வருஷமாக அவரைச் சோளக்களியும் கறியும் போட்டு வளர்த்தவள் நான்தானே.

எருதுகள் நான்கும் மூடின கேட்டின் முன்னால் அசைபோட்டுக்கொண்டு நின்றன. யாரும் அவற்றைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவற்றைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

திரோதான் வாயைத் திறந்தான். கவாரியைப் பார்த்துச் சொன்னான், "பெரியவரே, நீங்க தாண்டினா நான் ரேடியோல சொல்லியே ஆகணும். என் மேல கோவப்படாதீங்க. அந்தப் பக்கம் ஒரு மாட்டுக்கு ஒட்டிச்சுன்னா ஆயிரம் மாட்டைச் சுடுவாங்க. எங்கப்பா மாடும் அங்கதான் நிக்குது."

"உன்மேல எனக்கென்ன கோவம்," என்றார் கவாரி. என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேளுங்க டீச்சர்."

"என்ன கேக்க?"

"எது வேணுமோ அத. நானா தரமாட்டேன். எங்க ஆளுங்க நாளைக்கு என்னக் கேப்பாங்க. வழியில கெடந்த ஒருத்திக்கு, அவ கேக்காமலே, நாலு எருதச் சாகக் குடுத்தியா, உனக்கென்ன கிறுக்கான்னு கேப்பாங்க. வாயத் தெறந்து கேட்டீங்கன்னா எனக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும்."

பின்சீட்டிலிருந்து ஜைரோஸ் ஏதோ சொன்னார். கதவைத் திறந்து காதை வைத்தேன். "ஷமிசோ… வேணாம்… மாட்டக் கேக்காதே." கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பேர் சொல்லி அவர் கூப்பிட்டது ரெண்டோ மூணோ தடவைதான்.

எங்கள் ஊரில் பெண்கள் பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்பதென்றால் முழங்கால் போட்டு, உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டிக் கேட்க வேண்டும். இந்த ஊருக்கு வந்த ஆறு வருஷத்தில் நான் யாருக்கும் முழங்கால் போட்டதில்லை. படிக்காத மாட்டுக்காரர்களுக்கு நான் ஏன் போட வேண்டும் என்ற திமிர். அன்றைக்கு அந்தக் கொதிக்கிற மணலில் போட்டேன். கையைத் தட்டினேன்.

"உங்க நாலு எருதையும் எனக்குக் குடுங்க."

"பேரச் சொல்லிக் கேளுங்க. எதக் கேக்கறோம்னு தெரிஞ்சு கேக்கணும்."

"காரியக் குடுங்க. செவலையக் குடுங்க. மயிலையக் குடுங்க. மறையனக் குடுங்க. செத்துப்போகும்னு தெரிஞ்சுதான் கேக்கறேன். எனக்கு அவர் வேணும்."

கவாரி தலையை ஆட்டினார். கேட்டுப் பக்கம் திரும்பி, "தெற தம்பி," என்றார்.

திரோ கேட்டைத் திறந்தான். எருதுகள் எந்த வித்தியாசமும் தெரியாமல் தாண்டின. பின்னால் அவன் ரேடியோவில் பேசும் குரல் கேட்டது. நான்கு, என்று சொன்னான். திரும்பச் சொல்லச் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது, மறுபடியும் நான்கு என்றான்.

அந்த ஐந்து கிலோமீட்டரை நான் எப்படிச் சொல்வேன்? மணல் ஆழமாக இருந்தது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட்டாலும் கார் ஓரத்துப் புதரில் இறங்கிவிடும். அதனால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. குண்டு குழியில் கண்ணாடி வேறு கழன்று தொங்கிவிட்டது. காதால்தான் அவரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மூச்சு கரகரவென்று வந்தது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். ரூவாவுக்கு இந்த டிசம்பரில் வாங்க வேண்டிய செருப்பைப் பற்றி, அவர் பாதியில் விட்ட கோழிக்கூண்டைப் பற்றி. புதுக் காருக்கு நானே வலை கட்டுவேன் என்றேன். முன்னால் கவாரி எருதுகளோடு பேசிக்கொண்டு நடந்தார். அவர் அவற்றோடு, நான் இவரோடு.

கடைசி மேட்டில் எருதுகள் முக்கின. கவாரியே சங்கிலியைப் பிடித்து இழுத்தார். தார் ரோடு தெரிந்தது. "வந்தாச்சு ரூவா அப்பா, வந்தாச்சு," என்றேன். அப்போதுதான் காரில் என் குரல் மட்டும் இருப்பது தெரிந்தது.

பிரேக்கைப் போட்டுவிட்டுப் பின்னால் தாவினேன். மார்பில் காது வைத்தேன். வாயில் வாய் வைத்து ஊதினேன், பள்ளிக்கூடத்தில் பொம்மைமேல் காட்டிக் கொடுப்பேனே, அப்படி. எவ்வளவு நேரம் ஊதினேனோ தெரியாது. அவர் உடம்பு சூடாகத்தான் இருந்தது. வெயிலில் எல்லாமே சூடாகத்தான் இருந்தது.

லாரிச் சத்தம் கேட்டு எருதுகள் மிரண்டன. கவாரி அவற்றை அவிழ்த்து முப்பது தப்படி தள்ளி ஓட்டிப்போய்ப் பிடித்துக்கொண்டார். உப்பு மூட்டை ஏற்றிய லாரி. டிரைவர் இறங்கி வந்து உள்ளே பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. துணியை எடுத்து முகத்தை மூடப்போனான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

"மூடாத தம்பி. அந்தப் பெரியவர் பாக்கறார். உயிரோட இருக்கறவரத் தூக்கற மாதிரி தூக்கு."

அவன் எருதுகளைப் பார்த்தான், கேட் இருந்த திசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அந்தப் பக்கத்து ஆள், அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேருமாக ஜைரோஸை உட்காரவைத்து, தலையைத் தோளில் சாய்த்து, மெல்லத் தூக்கி மூட்டைகளுக்கு நடுவில் ஏற்றினோம். நான் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எப்படி இருக்கார் டீச்சர்?" என்று கவாரி அங்கிருந்தே சத்தம் போட்டுக் கேட்டார். கையில் கயிறு, அதனால் வர முடியவில்லை.

இன்றைக்குச் சொல்லாவிட்டால் நாளைக்குத் தெரியும். ஊர் சின்ன ஊர், அழுகை அவர் வீட்டுக்கும் கேட்கும். ஆனால் சாயங்காலம் துப்பாக்கி வண்டி வரும் வரைக்கும் அந்த மனிதர் நான்கு எருதுகளோடு அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

"தேவலைங்க," என்றேன். "மூச்சு நல்லா வருது. உங்களத்தான் கேக்கறார்."

அவர் தொப்பியைக் கழற்றினார். நான் அவர் தலையைப் பார்த்தது அன்றுதான், முழு வழுக்கை. பிறகு எருதுகளிடம் திரும்பி, ஒவ்வொன்றின் நெற்றியிலும் கையை வைத்துக் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் நின்ற மறையன் லாரிக்குப் பக்கமாக இருந்தது, அதனிடம் சொன்னது மட்டும் கேட்டது.

"ஆளு பொழைச்சுட்டான்டா."

லாரி கிளம்பியது. அவர் கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் நான் குனிந்து, ஜைரோஸிடம் பேசுகிற மாதிரி வாயை அசைத்துக்கொண்டே போனேன்.