ஏழு கையெழுத்து

அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது டாக்டர் நவமணிக்கு முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. துக்கம் மட்டுமா? பதினோரு மணிக்கு ஈப்போ டவுனில் அவளுடைய சங்கத்தின் முதல் கூட்டம். நோய் வருமுன் தடுக்கிற டாக்டர்களுக்கென்றே ஒரு சங்கம். இரண்டு வருட அலைச்சல். பதிவு செய்ய ஏழு பேர் கையெழுத்து வேண்டும். தலைகீழாக நின்று சேர்த்தும் அவளோடு சரியாக ஏழுதான். அதில் ஒருவர் மாற்றலாகி, சாயங்காலமே கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்குப் பறக்கிறார். இன்றைக்கு விட்டால் எல்லாம் பாழ்.

அதையெல்லாம் பார்த்தாரா அப்பா ராமையா! விடிந்ததும் காப்பியைக் கையில் வாங்கியவர் குடிக்காமலே போய்விட்டார். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காரப் போவதாகப் புந்தோங் வட்டாரம் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை ஆணியில் தொங்கியது. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்து வடிகால்களில் தேங்கிய தண்ணீரில் கொசு முட்டை பொரியாதபடி எண்ணெய் தெளித்த மனுசன்.

"அப்ப நானும் உன் சங்கந்தான்லா," என்று நேற்றுகூட வம்பு பண்ணினார்.

கூட்டத்துக்கு வர முடியாது என்று நவமணி சொல்லி அனுப்பிவிட்டாள். அழுததில் பாதி எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

பத்தரைக்கு மூன்று கார்கள் வாசலில் வந்து நின்றன. ஆறு டாக்டர்களும் இறங்கினார்கள். பாரிட் புந்தாரிலிருந்து வந்த டாக்டர் மெஹர்பானு நேரே வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"நீ வர முடியலன்னா என்ன? நாங்க வாரோம்."

நவமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அத்தைகள் முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும்! வாசல் கூடாரத்தில் மேசை போட்டு, சங்கத்தின் புது நோட்டை அதில் வைத்துவிட்டு, எல்லாரும் முதலில் அப்பாவுக்கு மாலை போடப் போனார்கள்.

அதற்குள் தம்பி சீனி வந்து சேர்ந்தான். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் பேரை எழுதி வைப்பது வழக்கம். முதல் வரி இறந்தவர் பேர். நோட்டு அதற்குத்தான் என்று நினைத்து, 'ராமையா' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டான். விசயம் தெரிந்ததும் அவன் முகம் செத்துப்போனது.

"கிழிச்சிட்டு வேற தாள்ல எழுதிக்கலாமாக்கா?"

"கிழிக்காதடா."

அப்பா பேருக்குக் கீழே முதல் கையெழுத்தை நவமணி போட்டாள். மற்ற ஆறும் மளமளவென்று விழுந்தன. சங்கம் பிறந்துவிட்டது. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

மெஹர்பானு பேனாவோடு நிமிர்ந்து, கூட்டத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று போடட்டும் என்று கேட்டாள்.

"எட்டு," என்றாள் நவமணி.

மெஹர்பானு எட்டு என்றே எழுதினாள். பறை முழங்க, பெட்டியைத் தூக்கினார்கள். அப்பாவைக் குளிப்பாட்டிய வாளி கொல்லையில் கிடந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்றது. நவமணி போய் அதைக் கவிழ்த்து வைத்தாள்.