வலது கண்ணில் ஏறிய கருப்பு

கட்டுமான வேலையில் உயரமான கிரேனை ஓட்டுபவர் அவர். கீழே நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்பவர் அவருடைய மனைவியின் அண்ணன்.

ஒரு வாரமாகவே வலது கண்ணோரம் பளிச் பளிச்சென்று மின்னல். கூடவே கொசு பறப்பதுபோல் கரும்புள்ளிகள். தூக்கம் போதவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வாயைத் திறந்தால் கிரேனில் ஏறவிடமாட்டார்களே!

அன்று காலை, இரண்டு டன் கான்கிரீட் பலகை ஒன்பதாம் மாடிக்கு மேலே தொங்கியபோது, அந்தக் கண்ணில் கீழிருந்து ஏதோ கருப்பாக ஏறியது. கசக்கினார். போகவில்லை. பலகை கிட்டத்தில் இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா, பிடிபடவில்லை. அதற்கு நேர் கீழே நான்கு பேர்.

"என்ன மாப்பிள்ளை, கனவா? இறக்குங்க."

"மச்சான்... வலது கண்ணு தெரியல."

பிறகு வந்த குரலில் கிண்டல் இல்லை. "எதையும் அசைக்காதீங்க. ஆளுங்களை விலக்கறேன்... ஆச்சு. இடது பக்கம் திருப்புங்க. மெதுவா. நில்லுங்க, காத்துல ஆடுது."

சட்டை முதுகோடு ஒட்டியது. கருப்பு பாதிக் கண்ணை விழுங்கியிருந்தது.

"இப்ப இறக்குங்க. இன்னும்... இன்னும்... போதும்!"

பலகை காலி இடத்தில் உட்கார்ந்தது. மச்சான் ஏணியில் ஏறி வந்து, ஒவ்வொரு படிக்கும் அவர் காலைப் பிடித்துவைத்து இறக்கினார்.

"விழித்திரை கிழிஞ்சு பிரிஞ்சுக்கிட்டு வருது," என்றார் கண் டாக்டர். "நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கு. அதுவும் விட்டுப்போறதுக்குள்ள, இன்னிக்கே ஆபரேஷன்."

மனைவி வெடித்தாள். "பல்வலின்னா ஊரையே கூட்டுவீங்க. இதை மட்டும் ஏன் பூட்டி வெச்சீங்க?" சொல்லிவிட்டு அழுதாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு, விழித்திரை ஒட்டிப் பிடிப்பதற்காகப் பத்து நாள் குப்புறப் படுக்கை. மச்சான் தினமும் வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். பத்தாம் நாள்தான் வாய் திறந்தார். "கீழ நாலு பேர் நின்னாங்க மாப்பிள்ளை."

"தெரியும் மச்சான்."

பார்வை பெரும்பாலும் திரும்பியது; நேர்க்கோடுகள் மட்டும் லேசாக நெளிந்தன. கிரேன் போனது போனதுதான். நடமாட அனுமதி கிடைத்த அன்றே அந்த நால்வரையும் தேடிப்போய், ஒரு வாரம் மறைத்ததை அவரே சொன்னார். மூன்று பேர் தோளைத் தட்டினார்கள். நான்காமவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.