கோமளத்தை இழுத்த மீன்

1932 புரட்டாசியிலிருந்து மூன்று வருஷம் கோமளம் நின்ற இடத்தில் நின்றதில்லை. நீலகிரியில், பைக்காரா ஆற்றில், ஒரு ட்ரௌட் மீன் எந்தப் பக்கம் நீந்தியதோ அந்தப் பக்கம் அவளும் நகர்ந்தாள். மயிலாப்பூரில் கேசவப் பெருமாள் கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்த எல்லோருக்கும் இது தெரியும். அந்த வருஷம் கொத்தவரங்காய் மலிவு என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே மூச்சில்தான் பேசிக்கொண்டோம்.

காரணம் அவள் அகமுடையான், ஹைகோர்ட் வக்கீல் பத்ரிநாராயணன். தேயிலைத் தோட்டத்து துரை ஒருவருக்கு வேலித் தகராறில் ஜெயித்துக் கொடுத்ததற்கு, துரை ஃபீஸோடு ஒரு தூண்டில் கழியையும் தந்து, மலைக்குக் கூட்டிப்போய் வீசவும் பழக்கிவிட்டார். இந்த மீன் தண்ணீர்மேல் வந்து உட்காரும் பூச்சிக்கு வாய் திறக்கிற ஜாதி. அதனால் கொக்கியில் சேவல் இறகைச் சுற்றி, பூச்சி மாதிரியே கட்டி, கழியைச் சொடுக்கி, சத்தமில்லாமல் தண்ணீர்மேல் இறக்குவார்கள். மலையில் மழை ஓய்ந்து ஆறு தெளிகிற சமயமும் ஹைகோர்ட்டின் தசரா விடுமுறையும் ஒன்றாக வந்தது வக்கீலின் அதிர்ஷ்டம். பிடித்த மீனை அவர் தின்பாரா? பெருமாளே! வாயிலிருந்து கொக்கியைப் பதமாகக் கழற்றித் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார். விடும்போது உள்ளே கருணை சுரக்கிறது என்று கிளப்பில் கண் கலங்கச் சொல்வார். பிடித்ததும் அவரேதான் என்பதைக் கிளப்பில் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

தகராறு இறகில் வந்தது. கொக்கி வரலாம், பட்டு நூல் வரலாம், சேவல் இறகு மட்டும் தளிகை பண்ணுகிற ஆத்துக்குள் வரக்கூடாது என்றாள் கோமளம். வக்கீலுக்கு அப்பீல் கிடையாத ஒரே கோர்ட் அது. வேறு என்ன கட்டலாம் என்று வீடெல்லாம் தேடியவர் கண்ணில் கொல்லைச் சுவர்ப் பொந்து பட்டது. தலைவாரும்போது சீப்போடு வருகிற முடியைப் பெண்கள் எறிவதில்லை. சுருட்டிப் பொந்தில் செருகிவைத்து, சேர்ந்ததும் சவுரி கட்டக் கொடுப்பார்கள். கோமளத்தின் முடி நல்ல கருப்பு, ஈரத்தில் மின்னும். ஒரு சுருளை எடுத்துப் பூச்சி கட்டிக்கொண்டு ரயிலேறினார். அவளைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, உதிர்ந்த முடிதானே என்று நினைத்திருப்பார்.

அதைக் கவ்விய மீன் நூலை அறுத்துக்கொண்டு, உதட்டில் கொக்கியோடு போய்விட்டது. அந்த நேரம் மயிலாப்பூரில், புரட்டாசிச் சனிக்கிழமைப் புளியோதரை கிளறிக்கொண்டிருந்த கோமளத்தின் கீழுதட்டில் சுருக்கென்றது. கரண்டி கையில் இருந்தபடியே மேற்குச் சுவர்வரை வழுக்கிப்போய் முட்டி நின்றாள். உதட்டில் ஒரு சொட்டு ரத்தம். கொல்லை மல்லிகைப் பந்தல்கூட அசையவில்லை.

டாக்டர் நரம்பு என்றார், மந்திரிக்கிறவர் வேறு என்னவோ சொன்னார். வக்கீல் மலையிலிருந்து வந்து, மீன் நூலை அறுத்த நாளையும் நேரத்தையும் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. மீன் மடுவில் தூங்கினால் கோமளமும் அசையாமல் அரிசி களைந்தாள். மலையில் ஆற்று வெள்ளம் வந்தால் கூடத்துத் தூணில் புடவைத் தலைப்பால் தன்னைக் கட்டிக்கொண்டாள். நாளாக ஆக மீன் பெருத்தது, இழுப்பும் பலத்தது. வேறு எந்த துரையாவது அதைப் பிடித்து வெண்ணெயில் பொரித்துவிட்டால் கோமளம் என்ன ஆவாள் என்பதைத் தெருவில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. தசரா நெருங்கினால் அவளுக்குச் சோறு மட்டும் இறங்காது.

ஒருநாள் தலைப்பின் முடிச்சு அவிழ்ந்து, கொல்லைக் கதவைத் தாண்டிச் சந்துக்கே வந்துவிட்டாள். கால் தரையில் பாவவில்லை. நொச்சிக்குப்பத்திலிருந்து கூடையோடு வந்த கங்கம்மா, வஞ்சிர மீன் மணக்கிற கையால் எட்டிப் பிடித்தாள்.

“இன்னா மாமி, காத்தாடி கணக்கா பூட்டே?”

“விட்டுடாதேடி, அம்மா, விட்டுடாதே!” என்றாள் கோமளம். மடி பார்க்கிற கோமளம்!

ஓடிவந்த வக்கீலைக் கங்கம்மா ஏற இறங்கப் பார்த்தாள். “ஏன் சாமி, நீ துன்னவும் மாட்டே, விக்கவும் மாட்டே. அப்போ இன்னாத்துக்கு அத்தப் புடிச்சே?”

“அது ஒரு விளையாட்டு.”

“மீனுக்குமா?” என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

வக்கீல் சும்மா இருந்தார் என்று சொல்லக்கூடாது. கொக்கியைக் கழற்றவேண்டும் என்று தசராவுக்குத் தசரா மலைக்குப் போனார். இறகு வீசினார், பட்டு வீசினார், புழுகூட வீசினார். மீன் வந்து பார்க்கும், திரும்பிப் போகும். அதற்கு மனுஷ முடிதான் வேண்டியிருந்தது. 1935இல் ஒரு பகல் பொழுதில் கூடத்துக்கு வந்து, “கோமளம், ஒரே ஒரு சுருள் குடேன். இந்தத் தடவை கழட்டிடறேன்” என்றார்.

“ஒண்ணு எடுத்துண்டதுக்கே தூணைக் கட்டிண்டு நிக்கறேன். உங்க குடுமி எதுக்கு இருக்கு, அழகுக்கா?”

தெருவே ஜன்னலோரம் நின்றிருந்தது. வக்கீல் உள்ளே போய்க் கத்திரிக்கோல் எடுத்தார்.

மற்றது கூடப்போன குமாஸ்தா வேதாந்தம் வந்து சொன்னது. குடுமிப் பூச்சி தண்ணீரைத் தொட்டதும் மீன் கவ்விற்றாம். கரைக்கு இழுத்து, கழியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாரி எடுத்தார். உதட்டில் துருப்பிடித்த பழைய கொக்கி, பக்கத்தில் புதியது. பழையதைக் கழற்றினார். இங்கே கோமளம், தலைப்பு தளர்ந்து, தூணடியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அங்கே வக்கீலின் முகத்தில் கருணை சுரந்தது. “அண்ணா, இன்னொண்ணு இருக்கு!” என்று வேதாந்தம் கத்துவதற்குள், பழகிப்போன கை தானாகத் திறந்துகொண்டது. மீன் பாய்ந்தது, நூல் அறுந்தது. வக்கீலின் கீழுதட்டில் ஒரு சொட்டு ரத்தம் வந்தது. கோட்டும் தலைப்பாகையுமாக, கேஸ் கூப்பிட்டுவிட்ட மாதிரி, அவசரமில்லாமல் ஆற்றுக்குள் நடந்து போனார்.

சாகவில்லை. மோவாய்வரை தண்ணீரில், மீன் போகிற திசையில் மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பதை மலைக்காரர்கள் பார்க்கிறார்கள். தூண்டில் போட வருகிற துரைமார் தொப்பியைத் தூக்குகிறார்கள், அவரும் தலையசைக்கிறாராம். குங்குமம் இட்டுக்கொள்ளலாமா என்று கேட்க வந்த, புரோகிதம் பண்ணுகிற வாத்தியாருக்குக் கோமளம் நெற்றியைக் காட்டினாள், அவர் மோர் குடித்துவிட்டுப் போனார். கேஸ்களுக்கு வாய்தா கிடைத்துக்கொண்டே இருந்தது. கோமளம் லஸ்வரை தன் காலாலேயே நடந்துபோய்க் காய்கறி வாங்கினாள்.

இரண்டு வருஷம் கழித்து, அவள் ஆத்துக் கொலுவில் எதிராத்து செங்கமலத்துக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஏன்டி கோமளம், யாரையாவது விட்டு அந்த மீனைப் பிடிச்சு மாமாவை மீட்கப்படாதோ?”

“மீட்கலாமே,” என்றாள் கோமளம், வெற்றிலையில் பாக்கை வைத்தபடி. “அது முடிக்குத்தான் வாய் திறக்கும். யாரோடது குடுக்கறேள்?”

ஒவ்வொரு தலையாக, பின்னலின் நுனிவரை, நிதானமாகப் பார்த்தாள். செங்கமலம் புடவைத் தலைப்பைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு, சுண்டலில் உப்பு சித்த ஜாஸ்தி என்றாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த ஆத்துக் கொலு பார்க்க எல்லோரும் எழுந்தோம்.