நாற்பத்திரண்டு பேரும் ஆஜர்

2017 மே 11, வியாழக்கிழமை, மாலை ஐந்தரை மணி. உத்திரமேரூரை அடுத்த அல்லியேரியில், ராஜாராம் என்பவருடைய விவசாயக் கிணற்றிலிருந்து பிரிஸ்கில்லா என்ற எட்டு வயதுச் சிறுமியின் உடல் வெளியே எடுக்கப்பட்டது.

2022 செப்டம்பரில் ஒரு காலை, சிறுமியின் அம்மா ஜெயம்மாள் மாவட்ட நீதிமன்ற வராந்தாவில் தூணோரமாக நின்றுகொண்டிருந்தாள். பெஞ்சில் இடம் இருந்தது. ஆனால் எதிர் பெஞ்சில் ராஜாராம் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்தால் அவர் முகத்துக்கு நேரே உட்காரவேண்டியிருக்கும். கண்ணில் புரை எடுத்திருந்ததால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஜாமீனில் வெளியே வந்தபோது இருந்த தொந்தி இப்போது இல்லை. சர்க்கரை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தீர்ப்பு வருவதற்குள் இவர் செத்துப்போய்விடுவாரோ என்ற கவலை ஜெயம்மாளுக்கு எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு வாய்தாவிலும் அவர் படியேறும்போது மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பாள். நன்றாக ஏறிவிட்டால் ஒரு நிம்மதி வரும். கூடவே அந்த நிம்மதி மேலேயே ஆத்திரம் வரும்.

அந்த மே மாதத்தில் நூறு நாள் வேலை ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தது. நாற்பத்திரண்டு பேர். காலனியில் பத்தாவது தேறிய பெண் ஜெயம்மாள் ஒருத்திதான் என்பதால் பொறுப்பாளர் வேலை அவளுடையது. வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காலையில் ஒரு கோடு, மாலையில் ஒரு கோடு போடவேண்டும். ஜெயம்மாள் இரண்டையும் காலையிலேயே போட்டுவிடுவாள். அவளுக்கு முன்னால் இருந்தவளும் அப்படித்தான் செய்தாள். ஒருத்தி பத்து மணிக்கு ரேஷன் கடைக்கு ஓடுவாள், இன்னொருத்தி காய்ச்சல்காரப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவாள். போனவளின் பங்கு மண்ணை மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு கூடை கூடுதலாக அள்ளிக் கணக்கைச் சரிசெய்வார்கள். சாயங்காலம் குழியை அளந்தால் அளவு சரியாக இருக்கும். யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை.

"யக்கா, எம் மாமியா செத்துப்போனாக்கூட எனக்கு ஆஜர் போடுவியா?" என்று பாக்கியமேரி ஒருநாள் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, வாய் ஓயாதவள்.

"உனக்கு இன்னாத்துக்கு, ஒம் மாமியாளுக்கே போடறேன். எழுந்து வந்து மண்ணு தூக்கச் சொல்லு."

கரை முழுக்கச் சிரித்தது.

பள்ளி விடுமுறை. பிரிஸ்கில்லா ஒன்பது மணிக்குத் தூக்கில் கூழ் எடுத்துக்கொண்டு ஏரிக்கு வருவாள். அன்றைக்கு ஒன்பதரை ஆகியும் வரவில்லை. ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆள் வரக்கூடும் என்பதால் பதிவேட்டை விட்டுவிட்டு ஜெயம்மாள் நகர முடியாது. மேரியை அனுப்பினாள். மேரி போனபோது ராஜாராம் தன் வேர்க்கடலைக் கொல்லை வரப்பில் நின்று கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். காட்டுப்பன்றிக்காக மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் இழுத்துக் கட்டிய கம்பி. இரவில் போட்டு, விடிந்ததும் நிறுத்திச் சுருட்டிவிடவேண்டியது. அன்றைக்கு மணி பத்தாகப் போகிறது.

"புள்ள இந்தப் பக்கம் வந்துச்சாங்க?"

"எந்தப் புள்ள? இங்க யாரும் வர்ல. போ, போய் வேலயப் பாரு."

வரப்பில் தூக்கு இருந்ததை மேரி கவனிக்கவில்லை. மறுநாள்தான் போலீஸ் எடுத்தது. மூடி திறக்காமல் இருந்தது. மேரி ஏரிக்குத் திரும்பி, புள்ளையைக் காணோம் என்று சொன்னாள். பதினோரு மணிக்கு இரண்டு பேரும் தேடக் கிளம்பினார்கள்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ஜெயம்மாள் மனப்பாடமாக வைத்திருந்தவை இரண்டு வரிகள். இடது கணுக்காலைச் சுற்றி மின்சாரம் சுட்ட தழும்பு. நுரையீரலில் தண்ணீர். முதல் வரி மட்டும் என்றால் விபத்து என்று சொல்லியிருப்பார்கள். இரண்டாவது வரிக்கு அர்த்தம், கிணற்றில் போடும்போது பிள்ளைக்கு மூச்சு இருந்தது. அந்த வரியை வைத்துத்தான் கொலை வழக்கு. குழந்தை தண்ணீர் குடிக்கப் போய், ஒழுக்குக் கரண்ட் பாய்ந்த மோட்டார் குழாயைத் தொட்டுத் தானே விழுந்தது என்றது எதிர்த்தரப்பு. கொல்லையில் கம்பியே இல்லை என்றது. கம்பியைப் பார்த்தவள் மேரி ஒருத்திதான்.

மேரி சாட்சி சொன்ன நாளில்தான் எதிர்த்தரப்பு வக்கீல், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய அந்தப் பதிவேட்டின் நகலை எடுத்து நீட்டினார். மேரி மாலைவரை ஏரியில் இருந்ததாக இரண்டு கோடுகள். எழுதியவள் என்ற முறையில் ஜெயம்மாளை இன்றைக்கு மறுபடி கூண்டுக்கு அழைத்திருந்தார்கள்.

அரசு வக்கீல் வராந்தாவுக்கு வந்து அவளை ஓரமாக அழைத்துப் போனார். இந்த வழக்கில் இவர் மூன்றாவது வக்கீல்.

"ஏம்மா, நான் சொல்றத நல்லா கேட்டுக்குங்க. மேரி பேருக்கு நேரா கோடு கைதவறி விழுந்துடுச்சுன்னு சொல்லுங்க. எப்பவுமே இப்படித்தான் போடுவோம்னு மட்டும் வாயத் தொறக்காதீங்க."

"அப்படித்தானேங்க போட்டோம்?"

"ஒரு கோடு தப்புன்னா அது கைத்தவறு. நாப்பத்திரண்டும் தப்புன்னா நீங்களே தப்பு."

அவர் உள்ளே போனதும் மேரி கிட்டே வந்தாள். "இன்னாக்கா சொல்றாரு?"

"கைதவறிச்சுன்னு சொல்லணுமாம்."

"சொல்லிடேன். ஒரு பொய்யிதானே. அவன் சொல்லாத பொய்யா?" மேரி எதிர் பெஞ்சைப் பார்த்தாள். "இங்கயும் ஆஜர் ஆஜர்னுதான் கத்திக்கினு கீறானுங்கோ. நீ பாட்டுக்கு ரெண்டு கோடு போட்டுட்டு வூட்டுக்கு வா."

ஜெயம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது.

கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் நகலைக் கையில் கொடுத்தார். முத்து முத்தான அவளுடைய எழுத்து. கீழே கையெழுத்து. அதைப் போட்ட நாள் அவளுக்கு ஞாபகம் இருந்தது. சனிக்கிழமை, பிள்ளையைப் புதைத்த மறுநாள். பதிவேட்டை வாங்கிப்போக ஆள் வந்து வாசலில் நின்றான். கையெழுத்து இல்லாவிட்டால் நாற்பத்திரண்டு பேருக்கும் அந்த வாரக் கூலி வராது. பாயிலிருந்து எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்து மறுபடி படுத்தாள்.

"இது உங்க எழுத்துதானே?"

"என்னுதுதாங்க."

"பாக்கியமேரிக்கு ரெண்டு கோடு இருக்கா?"

"கீதுங்க."

"பதினேழாவது பேரப் படிங்க."

அவள் படிக்கவில்லை.

"ஜெயம்மாள், கணவர் பெயர் இருசப்பன். நீங்கதான். உங்களுக்கும் ரெண்டு கோடு. அதாவது சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நீங்க ஏரியில வேலை பாத்திருக்கீங்க. பெத்த பொண்ணு காணாம போயிருக்கு, நாலு மணி வரைக்கும் நீங்க தேடவே இல்லையா?"

கைதவறியது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். மேரிக்குக் கைதவறியது, தனக்கும் கைதவறியது. அதற்கு மேல் அந்தத் தாளில் இன்னும் எண்பது கோடுகள் இருந்தன. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்டவை. பார்க்கிறவனுக்குத் தெரியாதா? பொய்யென்று பிடித்தால் பிள்ளை செத்ததும் பொய்யாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"காத்தாலயே ரெண்டு கோடும் போட்டுடுவேங்க. எல்லாருக்கும்."

"அன்னைக்கு மட்டுமா?"

"தெனமும்."

"தினமும் அரசாங்கப் பதிவேட்டுல பொய்யா எழுதுவீங்க?"

"ஆமாங்க. ஆனா மேரிய அனுப்பினது நான்தாங்க. அவ போனது நெசம், கம்பியப் பாத்தது நெசம்."

அரசு வக்கீல் மேசை மேல் இருந்த காகிதக் கட்டை மூடினார். நீதிபதி தட்டச்சு செய்பவரிடம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனார். 'ஃபால்ஸ்' என்ற ஒரு சொல் மட்டும் அவள் காதில் நின்றது. அந்த 'ஆனா'வுக்குப் பிறகு சொன்னது தட்டச்சில் ஏறியதா என்று கவனித்துப் பார்த்தாள். விசைகளின் சத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அவள் சொன்னது அவளுக்கு முன்னதாகவே ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த வாரம் ஒன்றியத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். பொறுப்பாளர் வேலை சுதா என்ற பெண்ணுக்குப் போனது. இரண்டு மாதம் அல்லியேரியில் யாருக்கும் வேலை தரவில்லை. குழாயடியில் ஆதிலட்சுமி குடத்தை நடுவில் வைத்து வழியை மறித்தாள். ஜெயம்மாளைவிட மூத்தவள். கர்ப்பப்பை எடுத்துக்கொண்ட வருடம் பாதிநாள் வராமலே அவளுக்கு முழு ஆஜர் விழுந்திருக்கிறது.

"ஒம் புள்ள போனதுக்கு நாங்களும்தான் அய்தோம். அதுக்காவ நாப்பது குடும்பம் பட்னி கெடக்கணுமா? நல்லவளா இருக்கறதுக்கு ஒனக்கு வேற நாளு கெடைக்கலியா?"

அவள் கேட்டது ஜெயம்மாளுக்கு நியாயமாகத்தான் பட்டது. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. கோபப்படுவதற்கு ஊரில் ஒரு ஆள் மீதமிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். இருசப்பன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவான். அவனும் திட்டவில்லை. "சொல்லிட்ட. வுடு" என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

தீர்ப்பு 2024 நவம்பரில் வந்தது. ராஜாராம் விடுதலை. அவர் படிகளில் கம்பியைப் பிடிக்காமல் இறங்கிப் போனார். தீர்ப்பு நகல் ஜெயம்மாள் கைக்கு வர ஏழு வாரம் ஆனது. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பிரபா, அவளை ஸ்டூலில் உட்காரவைத்து நாற்பத்தொரு பக்கத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். நடுநடுவே ஆதார் கார்டு நகல் எடுக்க ஆள் வந்தது.

"நீங்க சொன்னது இருக்குக்கா. 'ஆனா'ன்னு சொன்னீங்களே, அதுவும் போட்டிருக்கு."

"போட்டு?"

"தினமும் பொய்யாப் பதிவு செஞ்சதா தானே ஒத்துக்கினவங்க சொல்ற சொல்ல வெச்சிக்கினு, பாக்கியமேரி அங்க இருந்தாங்கன்னு முடிவுக்கு வர முடியாதாம். அதனால சந்தேகத்தின் பலன் அவருக்கு."

"நுரையீரலு?"

பிரபா பக்கங்களைப் புரட்டினாள். "அது இருக்கு. தண்ணி இருந்திச்சின்னு ஒத்துக்கினாங்க. யாரு போட்டாங்கன்னு நிரூபணம் ஆகலையாம்." கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். "இது வழக்கமா எழுதறதுக்கா. சான்றுப் பொருள்லாம் மதிப்பு இல்லாததால, அப்பீல் காலம் முடிஞ்சதும் அழிச்சிடணுமாம்."

"எதெல்லாம்?"

"ஒண்ணு, கவுன். ரெண்டு, ரப்பர் செருப்பு. மூணு, மூடியோட அலுமினியத் தூக்கு."

"அப்பீல் போட்டா?"

"போட்டா அது முடியற வரைக்கும் வெச்சிருப்பாங்க."

ஜெயம்மாள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். அப்பீல் போட வக்காலத்துத் தாளில் எந்த வக்கீல் பெயரை எழுதுவது என்று கேட்டாள். பிரபாவுக்குத் தெரியவில்லை. சென்னையில் ஒருத்தர் இருப்பதாகச் சொல்லி ஒரு நம்பர் கொடுத்தாள்.

மேல்முறையீடு 2025 பிப்ரவரியில் எண் பெற்றது. இதுவரை விசாரணைக்கு எடுக்கப்படவில்லை. சான்றுப் பொருள் மூன்று, மூடியோடு அலுமினியத் தூக்கு, மாவட்ட நீதிமன்றத்தின் சொத்து அறையில், துணிப்பையில் கட்டி அரக்கு வைத்து, வைக்கப்பட்டிருக்கிறது.